மிர்மராக்னே எப்படி மிர்மாபிளாட்டா ஆனது? உடம்பில் எதைப் பார்த்துப் பேரினத்தை மாற்றுகிறார்கள்?

நாஞ்சில்தோப்பு:

வணக்கம். நாகர்கோவில் பக்கம் எங்கள் தோப்பில் மாமரத்திலும் முந்திரியிலும் முசுறு ஏராளம். இலைகளை இழுத்து ஒட்டிக் கூடு கட்டும் செவ்வெறும்புதான். அந்தக் கூடுகளுக்குப் பக்கத்துக் கிளைகளில், முசுறின் அதே நிறத்தில் அதே நடையோடு ஒரு சிலந்தி திரிகிறது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி எறும்பின் உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டே போகும். கால்களை எண்ணினால்தான் சிலந்தி என்று தெரியும். ஆண் இன்னும் விசேஷம். முகத்துக்கு முன்னால் நீளமான தாடை நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் கறுப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு முசுறு இன்னொரு முசுறைக் கவ்விக்கொண்டு போவது போலவே இருக்கும்.

பல வருடமாக இதை மிர்மராக்னே பிளாட்டலியாய்டெஸ் என்று எழுதித்தான் படங்களைச் சேர்த்துவைத்திருக்கிறேன். என்னிடம் இருக்கும் பழைய கையேட்டிலும் அந்தப் பெயர்தான். இப்போது எந்தத் தளத்தில் போட்டாலும் மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டெஸ் என்று வருகிறது. சிலந்தி அதேதான், பெயரின் முன்பாதி மட்டும் மாறிவிட்டது.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். உடம்பில் எதைப் பார்த்துவிட்டு இது வேறு பேரினம் என்று முடிவு செய்தார்கள்? நான் எடுக்கும் படத்தில் அந்த வித்தியாசம் தெரியுமா? இன்னொன்று, பெயருக்குப் பின்னால் வரும் ஆளின் பெயரும் 1869 என்ற வருடமும் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன. வேறு சில சிலந்திகளுக்கு அடைப்புக்குறி இல்லை. அது ஏன்?

பச்சைமலை:

இப்போதெல்லாம் டிஎன்ஏ பார்த்துத்தானே எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள். இதுவும் அப்படித்தான் இருக்கும். படத்தை வைத்து நாம் ஒன்றும் செய்ய முடியாது.

சிலந்திக்காரி:

பச்சைமலை சொல்வது பல சிலந்திகளுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. இந்த மாற்றம் டிஎன்ஏவால் வந்ததில்லை. உடலமைப்பை, அதிலும் வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் செய்தது. அதனால்தான் இதை விரிவாகப் பேச ஆசைப்படுகிறேன். நான் கல்லூரி ஆய்வகத்தில் சிலந்திகளைப் பார்த்து வரைகிறவள். குதிக்கும் சிலந்திகள்தான் என் பிரியம்.

முதலில் வரலாறு. 1869ல் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரிகளை வைத்து இதை சால்டிகஸ் பிளாட்டலியாய்டெஸ் என்று விவரித்தார். சால்டிகஸ் என்பது அந்தக் காலத்தில் எதையும் போட்டுவைக்கக்கூடிய பெரிய பேரினம். பிறகு அது மிர்மராக்னேவுக்குப் போனது. மிர்மராக்னே 1839ல் மக்லே ஏற்படுத்திய பேரினம். எறும்பு வேடம் போடும் குதிக்கும் சிலந்திகளில் பெரும்பகுதி அதற்குள்தான் குவிந்தது. 200 இனங்களைத் தாண்டிவிட்டது. 2016ல் போலந்தின் யெஜி புரோஷின்ஸ்கி ஒரே கட்டுரையில் 19 புதிய பேரினங்களை உருவாக்கினார். அதில் ஒன்றுதான் மிர்மாபிளாட்டா. உங்கள் முசுறுச் சிலந்திதான் அந்தப் பேரினத்தின் அடிப்படை இனம்.

அடைப்புக்குறிக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. முதலில் விவரித்தவர் எந்தப் பேரினத்தில் வைத்தாரோ அதே பேரினத்தில் இனம் இன்றும் இருந்தால் அவர் பெயர் அடைப்புக்குறி இல்லாமல் வரும். இடம் மாறியிருந்தால் அடைப்புக்குறிக்குள் போகும். எத்தனை முறை மாறியது என்று அது சொல்லாது, மாறியது என்று மட்டும் சொல்லும். நம் வீட்டுச் சுவர்களில் திரியும் பிளெக்சிப்பஸ் பேகுல்லியையும் ஹசாரியஸ் அடான்சோனியையும் எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஆடுவான், 1826 என்பது அடைப்புக்குறிக்குள்தான் இருக்கும்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி: உடம்பில் எதைப் பார்ப்பது?

எறும்பு வடிவத்தை நம்பக் கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். இடுங்கிய முதுகோடு (முதுகை மூடும் ஓடு), உடம்பின் இரண்டு பகுதிகளையும் இணைக்கும் நீண்ட இடைக்காம்பு, தூக்கிய முன்னங்கால் எல்லாம் குதிக்கும் சிலந்திகளின் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கின்றன. அமெரிக்கக் கண்டத்தின் சினிமோசினாவும் பெக்காமியாவும் எறும்பு போலத்தான் இருக்கும், ஐரோப்பாவின் லெப்டோர்கெஸ்டெஸும் அப்படித்தான். அவை நம் மிர்மராக்னேவுக்கு நெருங்கிய சொந்தமில்லை, தங்களுக்குள்ளும் நெருங்கிய சொந்தமில்லை. எறும்பு வேடத்தை எதிரிகளிடமிருந்து தப்பிக்கும் கேடயமாக்கும் தேவை எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் அந்த உடம்பும் வந்திருக்கிறது.

பல்லையும் முழுதாக நம்ப முடியாது. பிரான்சின் யூஜீன் சிமோன் 1901 முதல் 1903 வரை வெளியிட்ட பகுதிகளில் குதிக்கும் சிலந்திகள் முழுவதையும் தாடையின் பின்விளிம்புப் பல்லை வைத்து மூன்றாகப் பிரித்தார்: பல பற்கள் உள்ளவை, ஒரே பல் உள்ளவை, ஒரு பல்லே பிளவுபட்டு நிற்பவை. நுண்ணோக்கியில் சட்டென்று தெரியும் அடையாளம், ஆணிலும் பெண்ணிலும் பார்க்கலாம், அதனால் நூறு வருடம் நிலைத்தது. பிறகு 2003 முதல் வேய்ன் மேடிசன் என்ற சிலந்தி ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் மரபணுவை வைத்து வம்ச மரங்களை வரைந்தபோது, ஒரே வகைப் பல் பல கிளைகளில் திரும்பத் திரும்பத் தோன்றியிருப்பது தெரிந்தது. சிமோன் பார்த்த பல் பொய்யில்லை. ஒரே மாதிரிப் பல் இருந்தால் ஒரே வம்சம் என்று எடுத்துக்கொண்டதுதான் நிற்கவில்லை.

அப்போது எஞ்சுவது இனப்பெருக்க உறுப்புகள். ஆணிடம் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பால்ப் என்ற குட்டிக் கைகள். அதன் நுனியில் விந்தைச் சேர்த்துவைக்கும் குமிழ் ஒன்று, அதிலிருந்து கிளம்பும் மெல்லிய ஊசி ஒன்று. அந்த ஊசிக்கு எம்போலஸ் என்று பெயர். பால்ப்பின் கணுவில் வெளிப்பக்கமாக ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். குமிழின் வடிவம், ஊசி எங்கே தொடங்கி எப்படிச் சுற்றுகிறது, முள் நேராக இருக்கிறதா முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பதையெல்லாம் கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து வரைவோம். வழக்கமாக இடது பால்ப்பை எடுப்போம். உலகம் முழுக்க அதையே எடுப்பதால் படங்களை நேராக ஒப்பிட முடிகிறது. பெண்ணிடம் வயிற்றின் அடியில் எபிகைன் என்ற தகடு. வெளியே தெரிவது பாதிக் கதைதான். அதை வெட்டி எடுத்து, சதையைக் கரைத்து, கிராம்பு எண்ணெயில் போட்டால் கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். உள்ளே ஓடும் குழாய் எத்தனை வளைவு, விந்துப்பை எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். என் மேசையில் எப்போதும் கிராம்பு வாசனை இருப்பதற்கு இதுதான் காரணம்.

சிக்கல் என்னவென்றால், எறும்பு வேடக்காரர்களில் ஆண் பால்ப் மிகவும் ஒரே மாதிரி. உருண்டைக் குமிழ், அதைச் சுற்றி வளையமாக ஓடும் ஊசி. இனத்துக்கு இனம் கொஞ்சம் தடிமன் மாறும், முள்ளின் முறுக்கு மாறும், அவ்வளவுதான். ஆப்பிரிக்க மிர்மராக்னேக்களை 1978ல் திருத்தி எழுதிய வான்லெஸ் போன்றவர்கள் அதனால்தான் தாடைப் பற்கள், முதுகோட்டின் இடுக்கு, இடைக்காம்பு, வயிற்றின் வடிவம், பெண்ணின் உள்குழாய்கள் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. புரோஷின்ஸ்கியும் பேரினத்தைப் பிரித்தபோது உருவத்தையும் உறுப்புகளின் வரைபடங்களையும் சேர்த்தே குழுக்களை அமைத்தார். உலகம் முழுவதும் வெளிவந்த குதிக்கும் சிலந்தி வரைபடங்களை வாழ்நாள் முழுக்கச் சேகரித்து, எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்த மனிதர் அவர். நானும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் வரையக் கற்றேன்.

ஆணின் அந்த நீண்ட தாடை பேரின அடையாளமா என்று கேட்பீர்கள். நான் அதற்கு அதிக எடை கொடுக்க மாட்டேன். ஆண்கள் தாடையை விரித்து ஒன்றோடொன்று மோதுகின்றன. பெண்ணுக்காக நடக்கும் போட்டியில் வளர்ந்த உறுப்பு அது. அப்படிப்பட்ட உறுப்பு சீக்கிரம் மாறும், பக்கத்துப் பக்கத்து இனங்களிலேயே பெரிதாக வேறுபடும். அந்தத் தாடைக்கு ஆண் கொடுக்கும் விலையும் பெரிது. 1994ல் சைமன் பொல்லார்ட் இதே இனத்தை ஆராய்ந்து, ஆணின் நச்சுப்பல்லில் நஞ்சு செலுத்தும் குழாய் இல்லை என்று காட்டினார். இரையை நஞ்சால் அடக்க முடியாது, பல்லில் குத்தித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் மாமரத்து ஆண்கள் ஒவ்வொன்றும் அப்படித்தான் சாப்பிடுகின்றன. இனத்தை அடையாளம் காண இந்தத் தாடை அருமையான உதவி. பேரினத்தைத் தீர்மானிக்க அது போதாது.

பச்சைமலை:

விளக்கத்துக்கு நன்றி. அப்படியென்றால் மரபணு ஆதாரம் இல்லாமல் வரைபடத்தை மட்டும் வைத்துப் பிரித்ததை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்களா?

சிலந்திக்காரி:

எல்லாரும் இல்லை. நியாயமான கேள்வி. புரோஷின்ஸ்கி 2017ல் உலகக் குதிக்கும் சிலந்திகள் முழுவதையும் இதே வழியில், நடைமுறை வகைப்பாடு என்ற பெயரில் அடுக்கினார். அதற்கு 2019ல் பல நாட்டுச் சிலந்தி ஆய்வாளர்கள் சேர்ந்து கடுமையான மறுப்பு எழுதினார்கள். படங்களில் தெரியும் ஒற்றுமையை வைத்துக் குழு அமைப்பது வேறு, அந்தக் குழு ஒரே மூதாதையிலிருந்து வந்தது என்று காட்டுவது வேறு என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். 200க்கு மேல் இனங்களைச் சுமந்த மிர்மராக்னேவைப் பிரிக்கத்தான் வேண்டியிருந்தது. ஒரு பேரினப் பெயரைக் கேட்டால் அந்தச் சிலந்தியைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டும். மிர்மராக்னே என்றால் எறும்பு மாதிரி இருக்கும் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாத நிலை வந்துவிட்டது. முசுறுச் சிலந்தியைத் தனியாக எடுத்துவைத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. உலகச் சிலந்திப் பட்டியலும் மிர்மாபிளாட்டாவை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுரையில் பேரின விளக்கங்கள் சுருக்கமாக இருக்கின்றன. புதிதாக ஒரு இனம் கிடைத்தால் இது மிர்மாபிளாட்டாவா, மிர்மராக்னேவிலிருந்து பிரிந்த இன்னொரு பேரினமான டாக்ஸியஸா, பழைய மிர்மராக்னேவா என்று அந்த வரிகளை மட்டும் வைத்து முடிவு செய்யத் திணற வேண்டியிருக்கிறது. மேடிசன் 2015ல் வெளியிட்ட வகைப்பாட்டில் இவை எல்லாமே மிர்மராக்னினி என்ற ஒரே கூட்டத்துக்குள் வருகின்றன. அந்தக் கூட்டத்துக்குள் யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை மரபணுவும் உடலமைப்பும் சேர்ந்து சொல்ல வேண்டும். எல்லைகள் இன்னும் நகரலாம்.

பேராதனைவாசி:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். 1869 என்றதும் இதையும் சொல்லலாம் என்று தோன்றியது. அதே ஆண்டில் அதே பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் எங்கள் தீவிலிருந்து இன்னொரு குதிக்கும் சிலந்தியையும் விவரித்தார். லிசோமேன்ஸ் டெனுயிபெஸ் என்று வைத்தார், இன்று அது அசெமோனியா டெனுயிபெஸ். இங்கே பெரிய இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் காணக் கூடியதாக இருக்கும். பெண் வெளிறிய நிறம், உடம்பு ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. முன்கண்ணைக் கவனித்துக்கொண்டே இருந்தால் கறுப்பாவதும் வெளிறுவதுமாக மாறும். உள்ளே கண்குழாய் அசைவது வெளியே தெரிகிறது.

அதன் கண்கள் நான்கு வரிசையில் இருக்கும். மற்றக் குதிக்கும் சிலந்திகளுக்குப் பொதுவாக மூன்று வரிசை. நான்கு வரிசைக் கண் உள்ள ஆசிய, ஆப்பிரிக்க, அமெரிக்கச் சிலந்திகளை எல்லாம் ஒரே துணைக்குடும்பமாக வைத்திருந்தார்கள். இப்போது அது மூன்றாகப் பிரிந்துவிட்டது. லிசோமேன்ஸ் என்பது அமெரிக்கக் கண்டத்துக்கு மட்டும் உரிய பேரினம். ஆக, கண் வரிசை போன்ற பெரிய அடையாளமும் பல்லைப் போலத்தான் கைவிட்டிருக்கிறது.

நாஞ்சில்தோப்பு அவர்களிடம் ஒரு விடயம் கேட்க வேண்டும். நீங்கள் சொல்லும் ஆணும் பெண்ணும் ஒரே இனம் என்பதை எப்படி உறுதி செய்தீர்கள்? ஒரே மரத்தில் இருப்பது மட்டும் போதாது.

நாஞ்சில்தோப்பு:

அக்கா, பேராதனை ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

ஆணும் பெண்ணும் ஒரே இலையில், பட்டுக்கூட்டுக்குள் ஒன்றாக இருப்பதைப் படம் எடுத்திருக்கிறேன். அதுதான் என்னிடம் இருக்கும் ஆதாரம். இன்னும் இரண்டு சந்தேகம். குட்டிகளுக்குப் பால் மாதிரி ஏதோ கொடுக்கும் எறும்புச் சிலந்தி என்று செய்தியில் வந்ததே, அது இதுதானா? அப்புறம், பழைய படங்களில் எழுதிய பெயரை அழித்துவிட்டுப் புதியதை எழுதலாமா?

சிலந்திக்காரி:

பேராதனைவாசி கேட்டது சரியான கேள்வி. குதிக்கும் சிலந்திகளில் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் அவ்வளவு வேறுபடும். ஒன்றை ஒரு பெயரிலும் மற்றதை இன்னொரு பெயரிலும் விவரித்து, வெகுகாலம் கழித்து இரண்டும் ஒன்றே என்று சேர்த்த கதைகள் எங்கள் துறையில் நிறைய. ஆண் மட்டும் தெரிந்த இனங்களும் பெண் மட்டும் தெரிந்த இனங்களும் இன்றும் பட்டியலில் வரிசையாக இருக்கின்றன. அமெரிக்காவின் மேவியா இன்கிளெமென்ஸ் என்ற இனத்தில் ஆணே இரண்டு வடிவம். ஒன்று கறுப்பு, தலையில் மூன்று குடுமிகளுடன். இன்னொன்று சாம்பல் கோடுகளுடன், குடுமி இல்லாமல். ஆட்டமும் வேறு வேறு. உருவத்தை மட்டும் பார்த்தால் இரண்டு இனம் என்றுதான் எவரும் சொல்வார்கள்.

உங்கள் படம் நல்ல ஆதாரம். வயதுவந்த ஆண், பருவமடையும் நிலையில் இருக்கும் பெண்ணின் கூட்டுக்குப் பக்கத்திலேயே தன் கூட்டைக் கட்டிக் காத்திருப்பது குதிக்கும் சிலந்திகளில் பரவலாக உண்டு. இணை சேர்வதையே படம் எடுத்தால் இன்னும் உறுதி. ஒரே முட்டைப்பையிலிருந்து வளர்த்து இரண்டும் வந்தால் அதற்கு மேல் கேள்வியே இல்லை.

பால் கொடுப்பது உங்கள் இனம் இல்லை, அதன் உறவு. டாக்ஸியஸ் மாக்னஸ். சீன ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்டது. தாயின் வயிற்றடிப் பிளவிலிருந்து கசியும் சத்து நீரைக் குஞ்சுகள் குடிக்கின்றன. முதல் 20 நாள் வரை அதுவே உணவு, வேட்டைக்குப் போகத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நாள் வந்து குடிக்கின்றன. பெயர் மாற்றத்தின் தொல்லை இங்கேதான் தெரியும். அதே சிலந்தி பழைய நூல்களில் மிர்மராக்னே மாக்னா. புதுப் பெயரில் மட்டும் தேடுகிறவருக்குப் பழைய குறிப்புகள் கிடைக்காது, பழைய பெயரில் மட்டும் தேடுகிறவருக்கு இந்தப் பால் கண்டுபிடிப்பே தெரியாது.

அதனால் பழைய பெயரை அழிக்காதீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். நாங்கள் குப்பிக்குள் போடும் சீட்டில் பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு சீட்டில் புதுப் பெயர், யார் அடையாளம் கண்டது, எந்த வருடம் என்று எழுதிச் சேர்ப்போம். பெயர் நாளைக்கு மறுபடி மாறினாலும் பரவாயில்லை. எந்த ஊர், எந்த மரம், எந்த நாள், பக்கத்தில் எந்த எறும்பு என்பதைப் பின்னால் யாராலும் திருத்தி எழுத முடியாது. உங்கள் குறிப்பில் முசுறும் முந்திரியும் இருப்பது எனக்குப் பேரினப் பெயரை விடப் பெரிய செய்தி.

படத்தைப் பற்றி முதலில் கேட்டிருந்தீர்கள். குமிழும் குழாயும் படத்தில் வராது, அதற்கு நுண்ணோக்கிதான். ஆனால் இந்த இனத்துக்கு நல்ல படமே பெரும்பாலும் போதும், பிடித்துக் குப்பியில் போட வேண்டியதில்லை. மேலிருந்து ஒன்று, முதுகோட்டின் இடுக்கு தெரியும்படி. பக்கவாட்டில் ஒன்று, இடைக்காம்பின் நீளம் தெரியும்படி. ஆணின் தாடையைக் கீழிருந்து எடுக்க முடிந்தால் பல் வரிசை வரும்; கண்ணாடித் துண்டின் மேல் நடக்கவிட்டு அடியிலிருந்து எடுங்கள். பால்ப்பையும் விடாதீர்கள். பெண்ணின் பால்ப் நுனி தட்டையாக அகன்றிருக்கும், வயதுவந்த ஆணுக்குக் குமிழ் இருக்கும்.

நாஞ்சில்தோப்பு:

சரி அக்கா. கண்ணாடி யோசனை புதிது, செய்துபார்க்கிறேன். பெயர்களை இரண்டுமாகவே வைத்துவிடுகிறேன். ஒரு சில முந்திரி மரங்களில் இருப்பவை மாமரத்தில் இருப்பவற்றை விடக் கொஞ்சம் கறுப்பாகத் தெரிகின்றன. அங்கே இருக்கும் எறும்பும் வேறு, கறுப்புக் கட்டெறும்பு. அவற்றையும் சேர்த்துப் போடட்டுமா?

சிலந்திக்காரி:

கட்டாயம் போடுங்கள், தனித் திரியாகப் போடுங்கள். கட்டெறும்போடு திரிகிறது என்றால் அது வேறு இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஆண், பெண் இரண்டின் படமும் வேண்டும்.

பேராதனைவாசி:

இங்கேயும் கட்டெறும்புக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒன்று உண்டு. உங்கள் திரி வந்ததும் என் படங்களையும் அதில் இணைக்கிறேன், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.